ஓவியர்களைப் பற்றிய படங்கள்: ஒன்பதாம் வகுப்பில் எது எடுபடுகிறது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியம் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்றால், ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ இயக்கி 1956இல் வந்த ‘லெ மிஸ்தேர் பிகாசோ’வைப் போடுங்கள். பிகாசோவின் மர்மம் என்று அர்த்தம். யாரிடம் கேட்டாலும் வான்கோவைப் பற்றிய ‘லவ்விங் வின்சென்ட்’டைத்தான் முதலில் சிபாரிசு செய்வார்கள். அது அழகான படம்தான். ஆனால் வகுப்பில் அது செய்கிற வேலை வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் திருச்சிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஓவிய ஆசிரியை. தமிழ் வழிப் பிள்ளைகள். ஓவிய பீரியட் வாரத்துக்கு ஒன்றுதான். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கிடைக்கிற நாற்பது நிமிடத்தில் பூச்சாடி, மண்பானை, நினைவு ஓவியம், பார்டர் டிசைன் என்று போய்விடும். கொஞ்சம் கை வருகிற பிள்ளைகளை அரசு நடத்துகிற லோயர், ஹையர் ஓவியத் தேர்வுக்குத் தயார் செய்வோம். அவர்களே பத்தாம் வகுப்பு முடிக்கும்போது கூட, ஒரு நல்ல ஓவியத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் ‘சூப்பரா இருக்கு மிஸ்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த நகர்தலைக் கொஞ்சம் தாமதப்படுத்தத்தான் பள்ளி ஆய்வகத்தின் ப்ரொஜெக்டரில் படங்களைப் போட ஆரம்பித்தேன். இங்கே எழுதுவது அந்தப் படங்களைப் பற்றிய மதிப்பீடு, வகுப்பறைக் கண்ணோடு. சினிமாவாக எது உயர்ந்தது என்று நான் பார்க்கவில்லை. படம் முடிந்தபின் பிள்ளை ஓவியத்தை முன்னைவிட நேரம் எடுத்துப் பார்க்கிறதா? அது ஒன்றுதான் என் கேள்வி.

பிகாசோ படத்தில் கதை கிடையாது. அவர் எங்கே பிறந்தார், யாரைக் காதலித்தார், ஏன் புகழ் பெற்றார், எதுவும் இல்லை. 1955 கோடையில், பிரான்ஸின் நீஸ் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் சட்டை போடாமல் உட்கார்ந்து வரைகிறார். அவ்வளவுதான் படம். ஆனால் அதை எடுத்த விதம் இருக்கிறதே! ஒரு பக்கம் வரைந்தால் மை ஊறி மறுபக்கம் அப்படியே தெரிகிற தாளைச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். பிகாசோ இந்தப் பக்கம், கேமரா அந்தப் பக்கம். அதனால் திரையில் கை தெரியாது, பேனா தெரியாது, ஆள் தெரியமாட்டார். வெள்ளைத் திரையில் ஒரு கோடு தானாகக் கிளம்பி, வளைந்து, நின்று, யோசித்து, மறுபடி ஓடும். ஒளிப்பதிவு செய்தவர் க்ளோத் ரெனுவார், ஓவியர் ஒகஸ்த் ரெனுவாரின் பேரன். 1984இல் பிரெஞ்சு அரசு இந்தப் படத்தையே தேசியச் சொத்தாக அறிவித்தது.

முதல் கோடு வந்ததுமே வகுப்பு ஊகிக்க ஆரம்பித்துவிடும். ‘மூக்கு!’, ‘இல்லடா, மாட்டுக் கொம்பு!’, ‘படகு மிஸ்!’ நான் தடுப்பதில்லை. ஏனென்றால் ஒரு கோட்டை இவ்வளவு கவனமாக அவர்கள் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. அடுத்த கோடு வந்து அவர்கள் ஊகத்தைக் கலைத்துப் போடும். கொம்பு என்று நினைத்தது தோளாகிவிடும். கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக அடங்கி, எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் படத்தில் ஒரு பகுதியை மட்டும் நான் ஒரு முழு பீரியடுக்கு வைத்துக்கொள்கிறேன். கேமராவில் மிச்சமிருப்பது சில நிமிடங்களுக்கான பிலிம்தான் என்று இயக்குநர் சொல்ல, அதற்குள் பிகாசோ ஒரு படத்தை முடிக்க வேண்டும். பூங்கொத்து ஒன்று வரைகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கோடு போடுகிறார். பூக்கள் ஒரு மீனின் உடலுக்குள் போய்விடுகின்றன. மீன் சேவலாகிறது. கடைசியில் எல்லாம் ஒரு முகத்துக்குள் அடங்கிவிடுகிறது. காட்டு தேவதை மாதிரி, பாதி மனிதன் பாதி ஆடு மாதிரி ஒரு முகம். நான் ஒவ்வொரு கட்டத்திலும் படத்தை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதச் சொல்வேன்: இங்கே நிறுத்தியிருக்கலாமா, கூடாதா? ஏன்?

அந்த ‘ஏன்’தான் எனக்கு வேண்டியது. ஒரு பையன் எழுதியிருந்தான்: மீனோடு நிறுத்தியிருக்கணும், உள்ளே பூ ஒளிஞ்சிருக்குன்னு நமக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பெண் எழுதினாள்: சேவல் வந்த பிறகுதான் நடுவில் கனம் வந்தது, அதுவரைக்கும் படம் மேல் பக்கமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. கனம், தொங்குகிறது என்ற சொற்களை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சமநிலை, இடம் விடுதல், கருப்பொருள் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு வருஷக்கணக்காக எடுபடாத பாடம் அது. அவளே கண்டுபிடித்துவிட்டாள். முகம் வந்து எல்லாவற்றையும் மூடியதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கெடுத்துவிட்டார் என்று பாதி. இப்போதுதான் படம் ஆச்சு என்று பாதி. ஓவிய வகுப்பில் ஓவியத்துக்காகச் சண்டை வந்து நான் பார்த்தது அன்றுதான்.

படத்தின் பின்பகுதியில் எண்ணெய் வண்ணத்துக்கு மாறுகிறார். அங்கே தாள் வேலைக்காகாது. அதனால் கொஞ்சம் தீட்டுவது, விலகுவது, கேமரா பதிவுசெய்வது, மறுபடி தீட்டுவது என்று எடுத்திருக்கிறார்கள். நமக்குச் சில நிமிடங்களாகத் தெரிவது அங்கே பல மணி நேர உழைப்பு. லா கரூப் கடற்கரையைத் தீட்டுகிற கட்டம் ஒன்று உண்டு. திரையே அகலமாக விரிந்துவிடும். தீட்டுகிறார், மாற்றுகிறார், மேலே தாளை ஒட்டுகிறார், அழிக்கிறார், ஆட்களை நகர்த்துகிறார். நன்றாக வந்த இடங்களெல்லாம் காணாமல் போகின்றன. கடைசியில், இது சரியாக வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டுப் புது கேன்வாஸ் துணியை எடுத்து மறுபடி ஆரம்பிக்கிறார். ‘இவ்ளோ பெரிய ஆளே அழிக்கிறாரா மிஸ்?’ என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். எங்கள் பிள்ளைகள் ரப்பர் போடுவதைக் குற்றம் மாதிரி நினைத்து, கையால் மறைத்துக்கொண்டு அழிப்பார்கள். இந்தக் கட்டத்தைப் பார்த்த வகுப்பில் அடுத்த வாரம் பானை வரைந்த தாள்களில் பழைய கோடுகள் அப்படியே இருந்தன. சரியான கோடு அவற்றுக்கு மேலே அழுத்தமாக விழுந்திருந்தது. எனக்கு அதுபோதும்.

குறைகளும் உண்டு. எழுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிற படம் இது; ஒரே மூச்சில் போட்டால் நடுவில் அலுத்துவிடும். காளைச் சண்டை, ஓவியரும் மாடலும் என்று ஒரே மாதிரிக் கோட்டோவியங்கள் திரும்பத் திரும்ப வரும். ஜார்ஜ் ஒரீக்கின் இசை பல இடங்களில் கோட்டைக் கவனிக்க விடாமல் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே ஒலியைக் குறைத்துவிடுங்கள், நஷ்டமில்லை. ஆடையில்லாத பெண்ணுருவங்கள் சில ஓவியங்களில் வரும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டு எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது நல்லது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு மேலே சொன்ன இரண்டு பகுதிகளோடு ஆரம்பக் கோட்டோவியங்கள் சிலவற்றையும்தான் காட்டுகிறேன்.

பெரிய வசதி, பேச்சு மிகக் குறைவு. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்கும் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைக்கும் இந்தப் படத்தின் முன்னால் வித்தியாசமே இல்லை. முடிந்த கையோடு கே. எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களை எடுத்து வைப்பேன். எந்தக் கோடு முதலில் விழுந்திருக்கும் என்று விரலால் தடம் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சரி, ‘லவ்விங் வின்சென்ட்’. 2017இல் டொரோட்டா கோபியெலாவும் ஹியூ வெல்ச்மேனும் இயக்கியது. நடிகர்களை வைத்துப் படம்பிடித்து, பிறகு ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃப்ரேம்) வான்கோ பாணியில் எண்ணெய் வண்ணத்தில் கையால் தீட்டியிருக்கிறார்கள். சுமார் 65,000 சட்டகங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள். ஒரு வினாடிக்குப் 12 ஓவியங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பெருக்கி, ஒரு நிமிடத்துக்கு 720 என்று வாயைப் பிளப்பார்கள். உழைப்பு என்ற வகையில் தலை வணங்க வேண்டிய படம்.

ஆனால் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறதா? எனக்கு இரண்டு மனத்தாங்கல் உண்டு. முதலாவது, அசைவு. ‘விண்மீன் இரவு’ ஓவியத்தில் வானம் சுழல்வது போல இருக்கிறது என்றால், அசையாமல் காய்ந்துபோன தூரிகைத் தடங்களைப் பார்க்கிற நம் கண் அந்தச் சுழற்சியை உண்டாக்குகிறது. படம் வானத்தை நிஜமாகவே சுழற்றிவிடுகிறது. கண்ணுக்கு வேலை போய்விடுகிறது. படம் பார்த்துவிட்டு அசல் ஓவியத்தின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தேன். ஒரு மாணவி ஏமாந்த முகத்தோடு ‘இதுல நகரலையே’ என்றாள். ஓவியத்தை முதலில் காட்டியிருந்த வேறொரு வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. தடம் எந்தப் பக்கமாக ஓடுகிறது, எங்கே தடிமனாக நிற்கிறது என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அதனால் வரிசை முக்கியம். எந்தப் படமாக இருந்தாலும் ஓவியம் முன்னால், சினிமா பின்னால்.

இரண்டாவது, கதை. வான்கோ இறந்து ஓராண்டு கழித்து, அவர் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால்காரர் ரூலினின் மகன் அர்மான் போகிறான். போன இடத்தில் அந்த மரணத்தைத் துப்பறிகிறான். படம் முடிந்ததும் வகுப்பில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். தானே செய்துகொண்டாரா, வேறு யாராவதா? காதை ஏன் அறுத்தார்? மஞ்சள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதின்வயதில் மனம் நொந்திருக்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். துன்பப்பட்டால்தான் கலைஞன், அப்படி முடிந்தால்தான் காவியம் என்கிற எண்ணத்தை அவர்கள் மனதில் விதைக்கிற எதையும் போகிற போக்கில் போட்டுவிட்டு நான் மணி அடித்ததும் கிளம்பிவிட முடியாது. முழுப் படமும் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்குத்தான், அதுவும் உட்கார்ந்து பேச நேரம் இருந்தால்தான் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதோடு சப்டைட்டில் பிரச்சினை வேறு. படம் முழுக்கப் பேச்சு. பிள்ளைகளின் கண் திரையின் அடிவிளிம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சட்டகமும் கையால் தீட்டிய ஒரு படத்தில், மேலே இருப்பதை அவர்கள் பார்க்கவே இல்லை!

இந்தப் படத்தைவிட, அதை எடுத்த விதத்தைக் காட்டுகிற தயாரிப்புக் காட்சிகள் எனக்கு நன்றாக உதவின. ஓவியர் ஒருவர் பலகையில் ஈர வண்ணத்தைக் கொஞ்சம் வழித்து எடுத்து, பக்கத்தில் தள்ளித் தீட்டி, மறுபடி படமெடுக்கிறார். ஒரு தலை திரும்புவதற்கு எத்தனை முறை! எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் புரிந்துகொண்டார்கள். எங்களுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாட்டர் கலரும் போஸ்டர் கலரும்தான்.

வான்கோவுக்கு எந்தப் படமும் வேண்டாம் என்று கூடச் சொல்வேன், ஏனென்றால் அவர் கடிதங்கள் இருக்கின்றன. 1888 அக்டோபரில் ஆர்ல் நகரத்திலிருந்து தம்பிக்கு எழுதிய கடிதத்தில் தன் படுக்கையறை ஓவியத்தின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெயின் மஞ்சள், விரிப்பும் தலையணையும் எலுமிச்சைப் பச்சை சாயல், போர்வை அடர் சிவப்பு, சன்னல் பச்சை, மேசை ஆரஞ்சு, பாத்திரம் நீலம். இதெல்லாம் சேர்ந்து பார்ப்பவருக்கு ஓய்வைத் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் இதைத் தமிழில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஓவியத்தைக் காட்டாமல், வெறும் வெளிக்கோடு மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னேன். வெண்ணெய் மஞ்சளுக்கே ஒரு விவாதம். எருமை வெண்ணெய் வெள்ளை, பசு வெண்ணெய்தான் மஞ்சள் என்று. தீட்டி முடித்தபின் ஓவியத்தைத் திறந்து காட்டினால் உடனே கேட்டார்கள்: சுவர் ஊதான்னு சொன்னாரே, நீலமா இருக்கே? அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி காலப்போக்கில் மங்கிவிட்டது. ஊதாவிலிருந்து சிவப்பு போனதும் நீலம் மிஞ்சியது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து சொன்ன விஷயம் இது. ஓர் ஓவியத்துக்கும் வயதாகும் என்று தெரிந்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்தை எந்தத் துப்பறியும் கதையும் எழுப்பவில்லை.

‘கேர்ள் வித் எ பேர்ள் இயரிங்’ படம் 2003இல் வந்தது, பீட்டர் வெப்பர் இயக்கம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் வெர்மீர் வீட்டு வேலைக்காரப் பெண் கிரீட்டைப் பற்றிய நாவலைத் தழுவியது. முழுப் படம் வகுப்புக்கு வேண்டாம். வேலைக்காரச் சிறுமி மீது பணக்காரர் கை வைக்கிற காட்சி இருக்கிறது, எசமானுக்கும் அவளுக்கும் நடுவே ஓடுகிற இறுக்கமும் பதினான்கு வயதுக்கு உகந்ததல்ல. ஆனால் அதில் ஒரு காட்சி பொன். வெர்மீர் அவளைச் சன்னலருகே கூப்பிட்டு மேகம் என்ன நிறம் என்று கேட்கிறார். வெள்ளை என்கிறாள். இன்னும் கொஞ்சம் பார்க்கிறாள். இல்லை, வெள்ளை இல்லை. மஞ்சள், நீலம், சாம்பல் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அதைப் போட்டுவிட்டு விளக்கைப் போடாமலேயே வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ‘மேகத்தில் வெள்ளை என்று மட்டும் எழுதக்கூடாது’ என்பதுதான் நிபந்தனை. அழுக்கு மஞ்சள், சிமென்ட் கலர், புறாக் கழுத்து, நீர்மோர் என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார்கள். நிறமிக் கல்லை அரைக்கிற காட்சிகளும் உண்டு. அம்மியில் மஞ்சள் அரைத்துப் பழகிய கைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. படம் பார்த்தவர்கள் கிரீட் நிஜமான பெண் என்று நம்பிவிடுவார்கள். அவள் நாவலாசிரியரின் கற்பனை. 1665 வாக்கில் தீட்டப்பட்ட அந்த ஓவியத்தில் இருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஹேக் நகரத்தின் மவுரித்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் 2018இல் அதை நவீனக் கருவிகளால் ஆராய்ந்தார்கள். இன்று கறுப்பாகத் தெரிகிற பின்னணியில் ஒரு காலத்தில் பச்சைத் திரைச்சீலை இருந்திருக்கிறது. கண்ணுக்கு இமைமுடிகள் கூட வரைந்திருக்கிறார். காதில் தொங்குகிற முத்தோ, சில வெள்ளைத் தீற்றல்கள்தான். மாட்டுகிற கொக்கியே இல்லை. இதையும் சொல்லிவிட்டு ஓவியத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கொக்கி இல்லாத முத்தைத் தேடி எல்லோரும் திரைக்கு ஓடி வருவார்கள்.

ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றி மைக் லீ எடுத்த ‘மிஸ்டர் டர்னர்’ (2014) இரண்டரை மணி நேரம், பெரியவர்களுக்கான படம். அதிலிருந்தும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். 1832இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஜான் கான்ஸ்டபிள் என்ற இன்னொரு ஓவியரின் பெரிய, சிவப்பு மின்னுகிற ஓவியம் பக்கத்தில் தொங்க, டர்னர் தன் சாம்பல் நிறக் கடலில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு வந்து அதை ஒரு மிதவையாக்குகிறார். இது உண்மையில் நடந்தது என்று அந்தக் காலத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சாம்பல் கடல் ஒன்றை ஏ4 தாளில் பிரதி எடுத்து, ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, ஒட்டாமல் நகர்த்தி நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். நட்ட நடுவில் வைத்தால் செத்துப்போகிறது, ஓரத்தில் வைத்தால் கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது என்று அவர்களே சொன்னார்கள். செலவு ஓர் அட்டைப் பொட்டு.

கிர்க் டக்ளஸ் வான்கோவாக நடித்த ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ (1956) படத்தை நான் வகுப்பில் தொடுவதில்லை. வான்கோவின் நண்பரான ஓவியர் கோகானாக நடித்த ஆன்டனி க்வின்னுக்கு ஆஸ்கர் கிடைத்தது, நடிப்பு பிரமாதம். ஆனால் தூரிகையைவிட முகத்தைத்தான் கேமரா பார்க்கிறது.

இந்தியப் படம் ஒன்று இந்த வரிசையில் கட்டாயம் வேண்டும். சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’. சுமார் இருபது நிமிடம்தான். ஒரு பீரியடுக்குள் போட்டுவிட்டுப் பேசவும் நேரம் இருக்கும். சாந்திநிகேதனில் ராய்க்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, இன்னொன்றில் கடும் கிட்டப்பார்வை. ஐம்பதுகளில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. படத்தில் அந்த மனிதர் பார்வை இல்லாமலேயே ஒரு சுவரோவியத்துக்கான ஓடுகளை விரலால் தடவி உருவாக்கிக்கொண்டிருக்கிறார். இங்கும் வாழ்க்கைக் கதை இருக்கிறது. ஆனால் ராய் இரக்கத்தைப் பிழிவதில்லை, வேலையைக் காட்டுகிறார். பார்வை போன பிறகு கோடு எப்படி மாறியது, காகிதத்தை வெட்டி ஒட்டுவதற்கு ஏன் வந்தார் என்று பார்த்தாலே புரிகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது சாந்திநிகேதனின் ஹிந்தி பவன் கட்டடத்துச் சுவரோவியம். 1946–47இல் இடைக்கால பக்தர்களின் வாழ்க்கையைச் சுவர் நெடுகத் தீட்டியிருக்கிறார். ராயின் கேமரா அதன் மேல் மெதுவாக நடக்கிறது. ஒரு நீளமான ஓவியத்தை எப்படிப் பார்ப்பது, எங்கே நின்று எங்கே நகர்வது என்று அந்த நடையே சொல்லிக்கொடுக்கிறது. விளக்கவுரை ராயின் ஆங்கிலக் குரலில் இருப்பதால் நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். கடைசியில் நிகில் பானர்ஜியின் சிதார் வரும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. எனக்குக் கிடைத்த பிரதியில் நிறம் வெளிறிப்போயிருந்தது. சுவரோவியத்தின் நல்ல புகைப்படங்கள் இரண்டு மூன்று கையில் இருந்தால் ஈடுகட்டலாம்.

இந்தப் படத்தைப் பார்த்த வகுப்பைத்தான் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனோம். புதுக்கோட்டைப் பக்கம், எங்களுக்குப் பக்கம்தான். வழக்கமாகப் பிள்ளைகள் குகைக்குள் தலையை நீட்டி, எல்லாம் அழிஞ்சுபோச்சு என்று சொல்லிவிட்டுக் குரங்கைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த முறை கூரையின் தாமரைக் குளத்தை ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாகப் படித்தார்கள். மீன், அன்னம், எருமை, யானை, தாமரை பறிக்கிறவர்கள். ஒரு மாணவன் தண்டுகளைக் காட்டி, இலையைத் தீட்டிவிட்டுத் தண்டைப் போட்டார்களா, தண்டு முதலிலா என்று கேட்டான். காவலர் கூட அண்ணாந்து பார்த்தார்.

செய்முறை பற்றிக் கொஞ்சம். ப்ரொஜெக்டர் நிறத்தை நம்பாதீர்கள். எங்கள் ஆய்வகக் கருவியில் மஞ்சள் எல்லாம் பச்சையாக அடிக்கும். நல்ல அச்சுப் பிரதி ஒன்றை ஏ3 அளவில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சன்னலில் கறுப்பு சார்ட் ஒட்டினால் போதும், திரைச்சீலை வேண்டாம். பள்ளியில் படம் போடலாமா என்று நிர்வாகம் தயங்கினால், காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டுங்கள்: கல்வி நிறுவனத்தின் பணிகளின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்க்கும்படி படம் திரையிடுவதற்கு அதில் விலக்கு உண்டு. ஓடிடியில் இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்காது. பிகாசோ படமும் ராய் படமும் டிவிடி தட்டாகக் கிடைத்தால் பள்ளி நூலகத்துக்கே வாங்கிவிடுங்கள்.

ப்ரொஜெக்டரே இல்லாத பள்ளியா? க்ளூஸோவின் உத்தியை நீங்களே செய்யலாம். மெல்லிய நியூஸ்பிரிண்ட் தாளை ஒரு பழைய போட்டோ சட்டத்தில் இழுத்து ஒட்டுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை இந்தப் பக்கம் தடித்த பெர்மனென்ட் மார்க்கரால் வரையட்டும். மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் உட்காரட்டும். மை ஊறி வரும். வரைகிற பிள்ளையின் நிழல் தாளில் விழாதபடி வெளிச்சம் பார்க்கிறவர்கள் பக்கம் இருக்க வேண்டும். படம் இடவலம் மாறித் தெரியும், அது பரவாயில்லை. மார்க்கரைத் தாளில் அழுத்தி நிறுத்தினால் பெரிய பொட்டாக ஊறிவிடும். அதையும் படத்துக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.